பதில்: பெட் ஸ்கேன் எடுத்தாயிற்று, பிறகு எஃப்மைசோ எதற்கு?

அப்பாவின் தொண்டைப் புற்றுக்கு ஏற்கெனவே பெட் எடுத்த பிறகும் கதிர்சிகிச்சைக்கு முன் எஃப்மைசோ ஸ்கேன் கேட்கிறார்கள், ஊசி போட்டபின் இரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்கச் சொல்கிறார்கள் என்று குழம்பியிருந்தீர்கள். இரண்டும் பெட் ஸ்கேன்தான், அதாவது ஊசியில் போட்ட கதிரியக்க மருந்து உடலில் எங்கே சேர்கிறது என்று காட்டும் படம். ஆனால் மருந்து வேறு என்றால் இரண்டும் ஒன்றல்ல. முதலில் எடுத்தது எஃப்டிஜி (சர்க்கரை போன்ற மருந்து) என்றால், அது செல்கள் எவ்வளவு சர்க்கரை இழுக்கின்றன என்பதைக் காட்டும். எஃப்மைசோ காட்டுவது ஆக்சிஜன் குறைந்த இடங்களை.

எஃப்மைசோ மருந்து எல்லாச் செல்களுக்குள்ளும் நுழையும். ஆக்சிஜன் போதுமான செல்லில் தங்காமல் வெளியேறிவிடும். ஆக்சிஜன் மிகக் குறைந்த, ஆனால் உயிருள்ள செல்லில் வேதிமாற்றம் அடைந்து உள்ளேயே ஒட்டிக்கொள்ளும். செத்துப்போன பகுதியில் ஒட்டாது. ஒட்டாதது ரத்தத்திலிருந்து மெதுவாகத்தான் வடியும், அதற்குத்தான் அந்தக் காத்திருப்பு. மருந்தில் உள்ள கதிரியக்கப் பொருளான ஃப்ளூரின்-18இன் அரை ஆயுள் (கதிர் பாதியாகக் குறையும் நேரம்) சுமார் 110 நிமிடம் என்பதால் அதற்குள் கதிரும் பாதிக்கு மேல் குறைந்துவிடும். அதனால் படம் மங்கலாக, புள்ளி புள்ளியாக வந்தால் பயப்படாதீர்கள், இதில் அது சகஜம்.

ஆக்சிஜன் இல்லாத செல்லைக் கொல்லக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு கதிர் தேவைப்படலாம். அதனால்தான் இந்த அக்கறை. ஆனால் இது இன்னும் பெரும்பாலும் ஆய்வு அளவில்தான் நடக்கிறது. ஆகவே டாக்டரிடம் நேராகவே கேளுங்கள்: "இதன் முடிவால் அப்பாவின் சிகிச்சைத் திட்டம் மாறுமா, இல்லை இது ஆய்வுக்கு மட்டுமா?" ஆய்வு என்றால் மறுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.