தோட்டத்துக் கேள்விகள்: கொழகொழத்துப் போன முத்துமாலை

கேள்வி: அக்கா, ஓணத்துக்கு முன்னால் 'ஸ்ட்ரிங் ஆஃப் பேர்ல்ஸ்' செடி ஒன்று வாங்கினேன். எங்கள் வயல் மண்ணோடு சாணி உரம் கலந்து பெரிய தொட்டிக்கு மாற்றித் தினமும் தண்ணீர் விட்டேன். மூன்றே வாரத்தில் முத்தெல்லாம் மஞ்சளாகிக் கொழகொழத்து உதிர்கிறது. பாலைவனச் செடிதானே, ஏன் இப்படி? இது சாமந்திக் குடும்பம் என்கிறார்களே, உண்மையா?
- வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: தங்கச்சி, காரணம் உங்கள் வயல் மண்தான். கேரளத்தில் கரிசல் மண் என்றால் நம் சித்தூர் தாலுகாதான். பருத்திக்கு அருமையான மண். ஆனால் ஒரு தடவை நனைந்தால் ஈரத்தை லேசில் விடாது. அதில் தினமும் தண்ணீர் என்றால் வேர் மூச்சுவிட வழியில்லை. வேலந்தாவளத்தில் நான் வைத்த முதல் செடியும் இதே கரிசலில்தான் போனது. இரண்டு நாள் அந்தத் தொட்டியைப் பார்க்கவே மனசு வரவில்லை.

முத்து கொழகொழத்தால் தண்ணீர் கூடிவிட்டது. சுருங்கினால் தாகம். இந்த வித்தியாசம் தெரிந்தால் பாதிச் செடிகள் பிழைக்கும்.

இதன் சொந்த ஊர் தென்னாப்பிரிக்காவின் வறண்ட பகுதி. பாலைவனச் செடி என்றதும் உச்சி வெயிலில் வைத்துவிடுகிறோம். அங்கே அது புதர் நிழலிலும் பாறை ஓரத்திலும் தரையோடு படர்ந்து, தண்டு மண்ணைத் தொட்ட இடத்தில் வேர்விட்டுப் போகும். ஒவ்வொரு முத்தும் ஓர் இலை. உருண்டையாக இருப்பதால் வெயில் படும் பரப்பு குறைவு, உள்ளே நீர் தங்கும். ஒரு முத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். பக்கவாட்டில் கண்ணாடி போல ஒரு கோடு தெரியும். இலையின் உள்பக்கத்துக்கு வெளிச்சம் போகும் ஜன்னல் அது. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

சாமந்திக் குடும்பம் என்பது உண்மை. வரப்பில் கிடக்கும் மூக்குத்திப்பூ, கரிசலாங்கண்ணி எல்லாம் இதற்குச் சொந்தம்தான். இந்தக் குடும்பத்தில் ஒரு பூ என்று நாம் நினைப்பது பல குட்டிப் பூக்களின் கொத்து. முத்துமாலையில் சுற்றிலும் இதழ் இருக்காது. வெள்ளையாகச் சின்னத் தூரிகை போல இருக்கும், லேசாகப் பட்டை வாசம் வரும். முன்பு செனேசியோ ரௌலியானஸ் என்றார்கள், இப்போது கியூரியோ ரௌலியானஸ். கோர்டன் ரௌலி என்ற பிரிட்டிஷ் தாவரவியலாளரின் பெயரில் வைத்தது.

சரி, இருப்பதைக் காப்பாற்றுவோம். இன்னும் கெட்டியாக இருக்கும் கொடிகளை விரல் நீளத்துக்கு வெட்டி, இரண்டு நாள் நிழலில் காயவிடுங்கள். அகலமான, அடியில் துளையுள்ள மண்சட்டியில் ஆற்று மணலும் உடைத்த செங்கல் துண்டும் இரண்டு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு போடுங்கள். கொடியைப் புதைக்காமல் மேலாகப் படுக்க வைத்து, கணு மண்ணில் படும்படி அழுத்தினால் போதும். வேர் பிடிக்கும்வரை லேசாகத் தெளியுங்கள். அப்புறம் மண் நன்றாகக் காய்ந்த பிறகுதான் தண்ணீர். கிழக்கு ஜன்னலின் காலை வெயில் போதும். ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழையில் தாழ்வாரத்துக்குள் எடுத்துவிடுங்கள். விருச்சிகத்தில், அதாவது கார்த்திகையில், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கிளம்பினால் கொடி சிக்கிக்கொள்ளும், மண்ணும் சீக்கிரம் காயும். அப்போது காற்றுப் படாத மூலையில் வையுங்கள்.

கேள்வி: எங்கள் ஆட்டுக்குட்டி இந்தக் கொடியைக் கடித்துவிட்டது. ஆபத்தா?
- வாசகர், கொல்லங்கோடு

பதில்: ஆமாம், இது நச்சுச் செடி. ஆடு, பூனை, நாய் எதுவும் தின்னக் கூடாது. குட்டியை உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள், மீதிக் கொடியையும் கையோடு கொண்டுபோங்கள். தொட்டியை உத்தரத்துக்குப் பக்கத்தில் உயரமாகத் தொங்கவிடுங்கள். உதிர்ந்த முத்துகளைத் தினமும் பெருக்கிவிடுங்கள். வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் இது இன்னும் முக்கியம்.