இன்டெல் 14700எஃப் ப்ராசஸர் (சிபியு) வேண்டாம் ப்ரோ, 14700 எடுங்க

புது பிசிக்கு நீங்க போட்ட பார்ட்ஸ் லிஸ்ட் பாத்தேன் ப்ரோ. கல்யாண வீடியோ எடிட்டிங், ராத்திரி கேமிங், அதுக்கு 14700எஃப், என்விடியா 4060 டிஐ 8 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு, 16 ஜிபி ரேம் ஒரே ஸ்டிக். விலை கம்மினு அந்த எஃப் பக்கம் போயிருக்கீங்க, ஆனா எஃப் மாடல்ல உள்ளேயே இருக்கற கிராஃபிக்ஸ் கிடையாது, அது இல்லேனா வீடியோவ வேகமா டிகோட் பண்ற (பிரிச்சுப் படிக்கற) இன்டெலோட குவிக் சிங்க்கும் கிடையாது. உங்க கேமரா ஃபுட்டேஜ் ஹெச்.265, 10 பிட், 4:2:2னு சொன்னீங்கல்ல, அத 40 சீரிஸ் என்விடியா கார்டு டிகோட் பண்ணாது, குவிக் சிங்க் பண்ணும், இல்லேனா முழு பாரமும் சிபியு தலையில விழுந்து எடிட்டிங் சாஃப்ட்வேர் பிரீமியர்ல டைம்லைன் திக்கித் திக்கித்தான் ஓடும். அதனால 14700, இல்ல 14700கே, ரெண்டுலயும் அந்த கிராஃபிக்ஸ் இருக்கு. கார்டு போட்டப்புறம் பயாஸ்ல (மதர்போர்டு செட்டிங்ஸ்ல) ஐஜிபியுவ, அதாவது அந்த உள் கிராஃபிக்ஸ, எனேபிள் பண்ண மறந்துடாதீங்க, நிறைய பேர் அங்கதான் கோட்டை விடுவாங்க.

அப்படியே பயாஸையும் முதல்லயே அப்டேட் பண்ணிடுங்க. இன்டெல் 13, 14வது ஜெனரேஷன் சிப்ல (14700 அதுலதான் வருது) வோல்டேஜ் ஏறி சிப்பே கெட்டுப்போற பிரச்சனை இருந்துச்சு, இன்டெல் 2024ல அதுக்கு மைக்ரோகோட் ஃபிக்ஸ் விட்டாங்க, அது பயாஸ் அப்டேட்லதான் வரும்.

ரேம் 16 ஜிபி ஸ்டிக் ரெண்டு போட்டு 32 ஆக்குங்க, ஒத்த ஸ்டிக்னா டூயல் சேனல், அதாவது ரெண்டு வழியா டேட்டா போற வேகம், வராது. கார்டுக்கு காசு இருந்தா அதே 4060 டிஐல 16 ஜிபி மாடல் எடுங்க, சிப் அதேதான், கேம்ல எஃப்பிஎஸ் (செகண்டுக்கு எத்தனை ஃப்ரேம்) பெருசா ஏறாது, ஆனா 4கே டைம்லைன்ல எஃபெக்ட் அடுக்கறப்ப 8 பத்தாம போகும். கேபினெட் ஆர்ஜிபி ஃபேனெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், அந்தக் காச பவர் சப்ளைல போடுங்க, 750 வாட், கோல்டு ரேட்டிங் உள்ளது போதும்.

மானிட்டர் 1080பியா 1440பியா? அத சொல்லவே இல்லையே.