காய்கறிக்கும் சூறாவளிக்கும் ஒரே நிலவறை: அவசரகால நிதியில் கை வைக்கலாமா?

கேள்வி: நான், மனைவி, இரண்டு குழந்தைகள், முழங்கால் வலியோடு இருக்கும் என் அம்மா என வீட்டில் ஐந்து பேர். சம்பாதிப்பது நான் ஒருவன்தான். எங்கள் பகுதியில் குளிர் கடுமை. குளிர் முடிந்ததும் சூறாவளி (கடல் புயல் அல்ல, நிலத்தில் சுழன்றடிக்கும் டொர்னாடோ) எச்சரிக்கைகள் வரும். தோட்டத்தில் விளையும் உருளைக்கிழங்கு, கேரட், பீட்ரூட்டை வைக்க இடமில்லாமல் பாதி அழுகிப்போகிறது. கொல்லையில் மண்ணுக்குள் ஓர் அறை கட்டினால் காய்கறியும் கெடாது, சூறாவளி வந்தால் நாங்களும் உள்ளே போய்க்கொள்ளலாம். ஒப்பந்ததாரர் கேட்கும் தொகை என் ஒன்பது மாதச் சம்பளம். பழைய கன்டெய்னர் ஒன்றை வாங்கி, நானும் மைத்துனரும் சேர்ந்து தோண்டிப் புதைத்தால் நான்கு மாதச் சம்பளத்தில் முடித்துவிடலாம். அழுகாமல் காப்பாற்றினால் ஆண்டுக்கு ஐந்து நாள் சம்பளம் மிச்சம் என்று மனைவி கணக்குப் போட்டிருக்கிறார். ஆறு மாதச் செலவுக்கான அவசரகால நிதி இருக்கிறது. அதிலிருந்து எடுக்கலாமா, தனிநபர் கடன் வாங்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். ஆனால் உங்கள் எண்ணத்தைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. ஒரே குழிக்குள் இரண்டு செலவுகளைப் போட்டு வைத்திருக்கிறீர்கள். அவற்றைப் பிரித்துப் பார்த்தால் எதற்கு எவ்வளவு என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

முதலில் காய்கறி. உங்கள் மனைவியின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். நான்கு மாதச் சம்பளம் என்பது 120 நாள் சம்பளம். ஆண்டுக்கு ஐந்து நாள் மிச்சம் என்றால் போட்ட பணம் திரும்ப 24 ஆண்டுகள் ஆகும். கடன் வாங்கினால் வட்டி வேறு. சேமிப்பு என்ற பெயரில் இந்தச் செலவை நியாயப்படுத்த முடியாது.

குளிர் கடுமையான ஊர் என்று எழுதியிருப்பது ஒரு விதத்தில் நல்லது. ஆழத்தில் மண்ணின் வெப்பம் அந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பத்தை ஒட்டியே இருக்கும். ஆண்டு முழுக்க வெயில் அடிக்கும் ஊரில் எவ்வளவு தோண்டினாலும் குளிர்ச்சியான அறை கிடைக்காது. உங்களுக்குக் கிடைக்கும். கேரட்டுக்கும் பீட்ரூட்டுக்கும் 0 முதல் 4 டிகிரி செல்சியஸ் குளிரும், 90 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதமும் வேண்டும். உருளைக்கு இருட்டும், அதைவிடச் சற்றே கூடுதலான வெப்பமும் போதும். ஆப்பிளைப் பக்கத்தில் வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் எத்திலீன் வாயுவால் கேரட் கசந்துபோகும். வெங்காயம், பூண்டுக்கு ஈரமே ஆகாது, அவை வீட்டுக்குள் இருக்கட்டும்.

இவ்வளவுக்கும் அறை தேவையில்லை. மூடியுள்ள பெரிய டிரம் ஒன்றைக் கழுத்தளவு மண்ணில் புதைத்து, அடியில் சில துளைகள் போட்டு, காய்களை ஈர மணலில் அடுக்கி, மூடிமேல் வைக்கோல் மூட்டையைப் போட்டால் ஐந்து பேர் குடும்பத்தின் கிழங்குகளில் பெரும்பகுதி தங்கிவிடும். இரண்டு டிரம் வைத்தாலும் சில நாள் சம்பளத்துக்குள் அடங்கும், ஓரிரு ஆண்டில் போட்டதை எடுத்துவிடலாம். இந்தக் குளிருக்கே செய்யுங்கள்.

இனி சூறாவளி. இதில் எத்தனை ஆண்டில் பணம் திரும்பும் என்ற கேள்வியே கிடையாது. ஐந்து உயிர்களுக்கான செலவு இது. அதனால்தான் இங்கே மலிவு பார்ப்பதற்கு எனக்கு மனம் ஒப்பவில்லை.

கன்டெய்னரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் என்னிடம் வருகிறவர்களில் பலரும் இதில்தான் ஏமாறுகிறார்கள். கப்பலில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார்களே, மண்ணையா தாங்காது என்பார்கள். அடுக்கும்போது பாரம் இறங்குவது நான்கு மூலைத் தூண்களில். கூரைத் தகடும் பக்கத் தகடும் அந்த வேலைக்குச் செய்யப்பட்டவை அல்ல. இருபது அடிக் கன்டெய்னரின் கூரை ஏறத்தாழ 15 சதுர மீட்டர். அதன்மேல் 60 சென்டிமீட்டர் மண் போட்டாலே சுமார் 15 டன், மழையில் நனைந்தால் அதற்கும் மேல். பக்கவாட்டில் மண் அழுத்துவது தனி. இன்னொரு பக்கம், நிலத்தடி நீர் கூரை வரை ஏறினால் 38 கன மீட்டர் கொண்ட அந்தப் பெட்டியை 38 டன் விசையோடு தண்ணீர் மேலே தள்ளும். பெட்டியின் சொந்த எடையோ இரண்டரை டன்கூட இருக்காது.

என் வாடிக்கையாளர் ஒருவர் இப்படிப் புதைத்ததை இறங்கிப் பார்த்திருக்கிறேன். மூன்றாவது ஆண்டு அது. இடப்பக்கச் சுவர் வயிறு தள்ளியதுபோல் உள்ளே வந்திருந்தது. அலமாரி முன்பக்கம் சாய்ந்து, கண்ணாடி ஜாடிகள் விளிம்பில் நின்றன. வெளியே வர நாங்கள் இரண்டு பேரும் தோள் கொடுத்துத்தான் கதவைத் தள்ளினோம். அமைதியான நாளில் இரண்டு ஆண்கள் தள்ள வேண்டிய கதவை, கூரை பறக்கும் நேரத்தில் ஒரு தாயும் குழந்தையும் எப்படித் திறப்பார்கள் என்றுதான் அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். அதை வெட்டி எடுக்க அவருக்கு ஆன செலவு, புதைக்க ஆனதைவிட அதிகம்.

நீங்களும் மைத்துனரும் தோண்டுவது அடுத்த கவலை. ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல் இருக்கும், ஏறக்குறைய ஒரு கார். ஐந்தடிக்கு மேல் ஆழமான குழியில், கெட்டிப்பாறையாக இருந்தாலொழிய, முட்டுக் கொடுப்பது, பக்கங்களைச் சரிவாக வெட்டுவது போன்ற பாதுகாப்பு இல்லாமல் ஆள் இறங்கக் கூடாது என்பது அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு விதி. நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் மண் ஒரே மாதிரிதான் சரியும். உங்கள் வீட்டின் ஒரே சம்பளம் அந்தக் குழிக்குள் நிற்கப்போகிறது. ஆயுள் காப்பீடு எவ்வளவு இருக்கிறது என்று நீங்கள் எழுதவே இல்லை. ஆண்டு வருமானத்தைப்போல் பத்து மடங்குக்குக் குறைவாக இருந்தால், அறைக்கு முன்னால் அதைச் சரிசெய்யுங்கள்.

அம்மாவின் முழங்காலையும் கணக்கில் சேர்த்தீர்களா? சூறாவளி எச்சரிக்கைக்கும் காற்றுக்கும் நடுவே பல நேரம் சில நிமிடங்கள்தான். நனைந்த கொல்லையைத் தாண்டி, இருட்டில், செங்குத்தான படியில் அவரை இறக்க வேண்டும். பாதுகாப்பறை மண்ணுக்குள்தான் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அமெரிக்கப் பேரிடர் மேலாண்மை அமைப்பான ஃபெமா, வீட்டுக்குள்ளேயே தரைமட்டத்தில் கட்டும் பாதுகாப்பறைகளுக்கு பி-320 என்ற கையேட்டில் வரைபடங்களே தருகிறது. மணிக்கு 400 கிலோமீட்டர் காற்றுக்குக் கணக்கிட்டவை அவை. கிட்டத்தட்ட ஏழு கிலோ எடையுள்ள மரச்சட்டத்தை மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் ஏவிக் கதவையும் சுவரையும் சோதிக்கிறார்கள். சூறாவளிக்கு ஒதுங்க வீட்டுப் பாதுகாப்பறையில் ஆளுக்கு மூன்று சதுர அடி போதும் என்பது, இத்தகைய அறைகளுக்கான அமெரிக்கத் தரநிலையான ஐசிசி 500. ஐந்து பேருக்குப் பதினைந்து சதுர அடி. அம்மாவுக்கு நாற்காலி போட்டு இரண்டு மடங்காக்கினாலும் ஒரு குளியலறை அளவுதான். கன்டெய்னரின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது.

சிறிதாகக் கட்டி, கதவைச் சோதனைச் சான்றிதழோடு வாங்குங்கள். வடிவமைப்பு, கம்பி, கான்கிரீட், கதவு பொருத்துவது ஆகிய நான்கிலும் நீங்களே கை வைக்க வேண்டாம். பழைய சுவரை இடிப்பது, பூச்சு, வண்ணம், விளக்கு, இருக்கை எல்லாம் உங்கள் கைவேலையாக இருக்கட்டும். கூலியில் கணிசமாக மிச்சப்படும். அனுமதி வாங்கி, காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்த பிறகே வேலையைத் தொடங்குங்கள். அரசு மானியம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஃபெமா நிதியில் வரும் மானியங்களுக்கு ஒப்புதலுக்கு முன்பே தொடங்கிய வேலை தகுதி பெறாது. உங்கள் ஊரிலும் அப்படித்தானா என்று முதலிலேயே விசாரித்துவிடுங்கள்.

பணத்துக்கு வருவோம். அவசரகால நிதி ஆறு மாதத்திலிருந்து இறங்கக் கூடாது. சூறாவளியில் வீட்டுக்குச் சேதம் வந்தால் முதல் வாரச் செலவுக்குக் கைகொடுப்பது அதுதான், காப்பீட்டுப் பணம் அதற்குப் பிறகுதான் வரும். தனிக் கணக்கு ஒன்று தொடங்கி மாதம் சம்பளத்தில் 15 சதவீதம் போடுங்கள். ஒன்றரை ஆண்டில் ஏறத்தாழ இரண்டே முக்கால் மாதச் சம்பளம் சேர்ந்திருக்கும். மதிப்பீடு எவ்வளவு வந்தாலும் அதன்மேல் ஐந்தில் ஒரு பங்கு கூட்டி வைத்துக்கொள்ளுங்கள், கட்டட வேலை சொன்ன தொகையில் முடிந்து நான் பார்த்ததில்லை. அதுவரை சூறாவளி வந்தால் எங்கே ஒதுங்குவது என்பதை இன்றே குடும்பத்தோடு முடிவு செய்யுங்கள்: கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத, வீட்டின் நடுவில் உள்ள சிறிய அறை.

பிற்பாடு நிலவறையும் வேண்டும் என்று தோன்றினால், அதற்கான வேலையை இப்போதே அதிகச் செலவில்லாமல் தொடங்கலாம். கட்ட நினைக்கும் இடத்தில் மண் துளைக்கும் கருவியால் மூன்று மீட்டர் ஆழத்துக்கு ஒரு துளை போட்டு, துளையிட்ட பிளாஸ்டிக் குழாயை இறக்கி மூடி வையுங்கள். கீழே மின்கம்பி, குழாய் எதுவும் போகவில்லை என்று முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். மழைக்காலம் முழுக்க வாரம் ஒருமுறை கோல் விட்டு, நீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று தேதியோடு எழுதுங்கள். அந்தத் தாளையும் பாதுகாப்பறைக்கு வாங்கிய மதிப்பீட்டையும் வைத்துக்கொண்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்.