கட்டியக்காரனை எங்கே விட்டீர்கள்?

மதிப்பிற்குரிய ஐயா,

குமரி மாவட்டத்தில், முட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர் எனக்கு. எங்கள் பங்குத் திருவிழாவில் மூன்று ஆண்டுகளாக இளைஞர்கள் சேர்ந்து ‘ஞானசௌந்தரி’ இசைநாடகம் போடுகிறோம்; கைகள் வெட்டப்பட்டு, மாதாவின் அருளால் அவற்றைத் திரும்பப் பெறும் பெண்ணின் கதை. தாத்தா காலத்தில் விடியவிடிய நடந்ததை இரண்டரை மணி நேரமாகச் சுருக்கியிருக்கிறோம். மெட்டு பழையதுதான். ஆர்மோனியமும் தபேலாவும் மேடையிலேயே இருக்கும். ஒவ்வொரு ஆண்டும் பெண்கள் அழுதுகொண்டுதான் வீட்டுக்குப் போவார்கள்.

இந்த ஆண்டு அதைப் படமாக எடுக்கத் தொடங்கினோம். வளைகுடாவில் இருக்கும் ஊர்க்காரர்கள் பணம் தந்தார்கள். பாட்டுகளை நாகர்கோவிலில் ஸ்டுடியோவில் பதிவு செய்தோம். காட்டுக் காட்சிகளை ஒரு ரப்பர் தோட்டத்தில் எடுத்தோம். மேடையில் கதையை அறிமுகம் செய்து சொல்லும் கட்டியக்காரன் படத்துக்கு ஒத்துவர மாட்டான் என்று நீக்கிவிட்டோம். பன்னிரண்டு நிமிடத்தைத் தொகுத்து பங்கு மண்டபத்தில் போட்டுக் காட்டினோம். மேடைக்கு முன்னால் அழுத அதே அம்மாமார்கள் பாதியிலேயே தங்களுக்குள் பேசத் தொடங்கிவிட்டார்கள்.

கற்றுக்கொள்வதற்காக ‘இன்டு த வுட்ஸ்’ நாடகத்தின் பதிவையும் அதைப் படமாக்கியதையும் பார்த்தோம். அத்தனை வசதியோடு எடுத்தவர்களின் படத்திலும் ஏதோ குறைவதாகவே பட்டது. தேவதைக் கதையை வைத்துச் செய்த இசைநாடகம் சினிமாவுக்கு ஆகாதா? தொகுத்த காட்சிகளை இணைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அ.

---

அன்புள்ள தம்பி,

பன்னிரண்டு நிமிடத்தையும் மூன்று முறை பார்த்தேன். முதல் முறையே ஏதோ உறுத்தியது. மூன்றாம் முறைதான் அது என்னவென்று பிடிபட்டது. பிறகு உங்கள் கடிதத்தைத் திரும்ப எடுத்துப் படித்தால், பதிலை நீங்களே ஒரு வரியில் எழுதி வைத்திருக்கிறீர்கள்: கட்டியக்காரனை நீக்கிவிட்டோம்.

உங்கள் நாடகத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் சிறுவனாக இருந்தபோது இன்னொரு கடற்கரை ஊரில், மணலில் பாய் விரித்து உட்கார்ந்து, இதே ஞானசௌந்தரியைப் பார்த்திருக்கிறேன். அன்று ஞானசௌந்தரியாக நடித்தவர் ஓர் ஆண். கைகளை வெட்டிய பிறகு கழுத்திலிருந்து முழங்கால் வரை ஒரு வெள்ளைப் போர்வையோடு வந்தார். கைகளை உள்ளே முதுகுப்பக்கம் கட்டியிருந்தார்கள். போர்வையின் இரண்டு பக்கமும் சிவப்புச் சாயம். நான் முன்வரிசையில் இருந்தேன். இடது முழங்கை துணிக்குள் புடைத்துக்கொண்டு நின்றது எனக்கு நன்றாகவே தெரிந்தது. தெரிந்தும் அழுதேன். என் பக்கத்தில் இருந்த பாட்டி வாய்விட்டே அழுதாள்.

மாதா கைகளைத் திருப்பித் தரும் இடம் வந்தது. இரண்டு பையன்கள் வந்து பெட்ரோமாக்ஸ் விளக்குகளைக் கோணியால் மறைத்தார்கள். பத்து எண்ணுவதற்குள் கோணியை விலக்கினார்கள். போர்வை கீழே கிடந்தது. இரண்டு கைகளும் மேலே உயர்ந்திருந்தன. கூட்டத்தில் பலர் சிலுவை அடையாளம் இட்டார்கள். கோணியைப் பிடித்த பையன்கள் இன்னமும் மேடை ஓரத்தில்தான் நின்றார்கள். அவர்களை யாரும் பார்க்கவில்லை.

உங்கள் படத்தில் அதே இடத்தைக் கணினியில் செய்திருக்கிறீர்கள். சுத்தமான வேலை. மணிக்கட்டிலிருந்து விரல்கள் ஒளியோடு முளைக்கின்றன. நான் பார்த்தபோது என் மனத்தில் எழுந்தது ஒரே கேள்வி: இதை எப்படிச் செய்தார்கள்? கதை அந்த நொடியில் என்னை விட்டுப் போய்விட்டது. மண்டபத்தில் பேசத் தொடங்கிய அம்மாமார்களுக்கும் இதுவே நடந்திருக்கும்.

மணலில் உட்கார்ந்திருந்த எங்களை முழங்கை ஏன் கெடுக்கவில்லை? ஏனென்றால் கட்டியக்காரன் வந்து விருத்தம் பாடி, இன்ன ராஜா வருகிறார், இன்ன மகள் வருகிறாள் என்று சொல்லி, எங்களிடம் சம்மதம் வாங்கிவிட்டுத்தான் கதையைத் தொடங்கினான். சொல்பவன் ஒருவன், ‘ம்’ கொட்டுபவர்கள் நாங்கள். நம் மாவட்டத்தின் கலைகள் எல்லாமே இந்தச் சம்மதத்தின் மேல் நிற்பவை. வில்லுப்பாட்டில் பாடுபவர் ஒரு வரி சொன்னதும் பக்கப்பாட்டுக்காரர் ‘ஆமா’ என்கிறாரே, அந்த ஆமா நம் எல்லாருக்குமாகச் சொல்லப்படுவது. தோல்பாவைக்கூத்தில் நல்லதங்காள் தன் ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் போடுகிறாள். திரையில் நடப்பது இவ்வளவுதான்: ஒரு சிறிய தோல்துண்டு மேலிருந்து கீழே வந்து திரையின் விளிம்புக்கு அடியில் மறைகிறது. பிறகு இன்னொன்று. ஏழு முறை. குரல் முழுவதும் திரைக்குப் பின்னால் இருக்கும் ஒரே மனிதருடையது. ஐந்தாவது பிள்ளை போகும்போது எனக்கு அடிவயிறு பிசையும்.

கேமராவுக்கு ‘ம்’ கொட்டத் தெரியாது. முன்னால் இருப்பதை இருக்கிறபடி காட்டுவது மட்டும்தான் அதன் வேலை. மேடையில் காடு என்று ஒரு கிளையை நட்டால் பார்ப்பவர் மீதிக் காட்டை வளர்த்துக்கொள்வார். கேமராவின் முன் ரப்பர் தோட்டத்தை வைத்தால் ரப்பர் தோட்டம் மட்டுமே தெரியும். உங்கள் நான்காவது நிமிடத்தில் ஞானசௌந்தரி மயங்கி விழுகிறாளே, அவளுக்குப் பின்னால் பால்வெட்டிய மரத்தில் சிரட்டை கட்டியிருக்கிறது. மழைக்குக் கட்டிய பிளாஸ்டிக் தாளும் காற்றில் ஆடுகிறது. மரங்கள் அளந்து நட்ட வரிசையில் நிற்கின்றன. வழி தவறவே முடியாத காட்டில் ஒரு பெண் வழி தவறி அழுகிறாள்.

இனி அந்த ஆங்கில நாடகத்துக்கு வருகிறேன். அதில் குறைந்தது என்று நீங்கள் உணர்ந்ததும் இதே இடம்தான் என்று நினைக்கிறேன். படிக்கிற மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்டீபன் சோண்ட்ஹைம் பாட்டும் இசையும் எழுத, ஜேம்ஸ் லப்பைன் கதை எழுதி இயக்கி, 1987-இல் பிராட்வே மேடைக்கு வந்த நாடகம் அது. சிண்ட்ரெல்லா, ரபுன்ஸேல், அவரைக்கொடி ஏறிய ஜாக், சிவப்புத் தொப்பிச் சிறுமி என்று எல்லாரும் ஒரே காட்டுக்குள் வருகிறார்கள். குழந்தை இல்லாத ஒரு ரொட்டிக்காரனும் அவன் மனைவியும் சூனியக்காரி கேட்ட நான்கு பொருள்களைத் தேடி அதே காட்டில் அலைகிறார்கள். 2014-இல் ராப் மார்ஷல் இயக்கத்தில் டிஸ்னி அதைப் படமாக்கியது.

மேடையில் கதை சொல்வதற்கென்று ஒருவர் கோட்டு சூட்டோடு ஓரத்தில் நிற்பார். நம் கட்டியக்காரனுக்கு அண்ணன் என்றே வைத்துக்கொள்ளலாம். இரண்டாம் பாதியில், கணவனைப் பறிகொடுத்த அரக்கி பழிவாங்க வருகிறாள். பலி கொடுக்க ஆள் தேடும் கதைமாந்தர்கள் ஓரத்தில் நிற்கும் கதைசொல்லியைத் திரும்பிப் பார்க்கிறார்கள். அவரையே பிடித்து அரக்கியிடம் கொடுத்துவிடுகிறார்கள். அதன்பிறகு கதை எங்கே போகும் என்று சொல்ல ஆளில்லை. அவர்களுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. மேடையில் மட்டுமே நடக்கக்கூடிய பயங்கரம் அது. படத்தில் கதைசொல்லி என்று தனியாக ஒருவர் இல்லை. ரொட்டிக்காரனின் குரலே பின்னணியில் கதை சொல்கிறது. குரலைப் பிடித்து யாரிடமும் கொடுக்க முடியாதல்லவா? அந்தக் காட்சியே போய்விட்டது.

இன்னொன்று, இடைவேளை. நாடகத்தின் முதல் பாதி எல்லாருக்கும் எல்லாம் கிடைத்துக் கல்யாணத்தோடு முடிகிறது. பார்ப்பவர்கள் எழுந்து வெளியே போய், காபி குடித்து, சுகமாக முடிந்த கதை என்ற நினைப்போடு திரும்பி வருகிறார்கள். அதற்குப் பிறகுதான் இடி விழுகிறது. அந்தக் கால் மணி நேரமும் நாடகத்தின் ஒரு பகுதி. படத்தில் கல்யாணக் கூட்டம் கலைவதற்குள் பூமி அதிர்ந்துவிடுகிறது. சுகத்தில் கொஞ்சம் இருந்து பார்க்க நேரமே இல்லை. இதில் உங்களுக்கு ஓர் அதிர்ஷ்டம் இருக்கிறது. நம் ஆட்களுக்கு இடைவேளை என்பது படம் பார்ப்பதோடு பிறந்த பழக்கம். ஞானசௌந்தரி பிலேந்திரனை மணந்து அரண்மனைக்குப் போகும் இடத்தில் நிறுத்துங்கள். சிற்றன்னையின் பொய்க்கடிதம் இடைவேளைக்குப் பிறகு வரட்டும். சுண்டல் தின்றுவிட்டு வந்து உட்கார்ந்தவர்களுக்கு அந்தக் கடிதம் வலிக்கும்.

அந்தப் படத்தை நான் குறைத்து மதிப்பிடுவதாக நினைக்க வேண்டாம். ஒரு பாட்டில் அவர்கள் செய்திருப்பதை நீங்கள் மறுபடியும் பார்க்க வேண்டும். இளவரசன் படியில் பூசிய தாரில் சிண்ட்ரெல்லாவின் செருப்பு ஒட்டிக்கொள்கிறது. மேடையில் அவள் தப்பி வந்த பிறகு, நடந்து முடிந்ததாக நமக்குச் சொல்லிப் பாடுவாள். படத்தில் அவள் படியிலேயே நிற்கிறாள். துரத்திவரும் இளவரசன் உட்பட உலகம் முழுவதும் அப்படியே உறைந்துவிடுகிறது. ஓடுவதா நிற்பதா என்று அவள் அந்த ஒரு நொடிக்குள் நின்று பாடுகிறாள். பாட்டின் காலத்தையே இறந்தகாலத்திலிருந்து நிகழ்காலத்துக்கு மாற்றிவிட்டார்கள். நேரத்தை நிறுத்துவது கேமராவுக்குக் கைவந்த வித்தை. அதை வைத்து ஒரு புதிய சம்மதத்தை வாங்குகிறார்கள், நாமும் கொடுத்துவிடுகிறோம்.

இந்த வித்தைக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. உங்கள் கதையே 1948-இல் படமாக வந்தது. நாகூர் இயக்கிய ‘ஞானசௌந்தரி’. எம்.வி. ராஜம்மாவும் டி.ஆர். மகாலிங்கமும் நடித்தது. ‘அருள் தாரும் தேவமாதாவே’ பாட்டை உங்கள் ஊரில் இன்றும் யாராவது முணுமுணுப்பார்கள். சிறுமி ஞானசௌந்தரி பாடத் தொடங்குகிறாள், ஜிக்கியின் பிஞ்சுக் குரலில். பாட்டு முடிவதற்குள் அவள் வளர்ந்த பெண்ணாக நிற்கிறாள், குரல் பி.ஏ. பெரியநாயகியுடையது. ஒரே செபம், அதற்குள் இத்தனை ஆண்டுகள். தாயை இழந்த குழந்தை மாதாவை மட்டுமே பற்றிக்கொண்டு வளர்ந்தாள் என்பதைச் சொல்ல வேறு காட்சியே தேவைப்படவில்லை. இதை மேடையில் செய்ய வேண்டுமென்றால் திரை இறக்கி ஆளை மாற்ற வேண்டும். அதே ஆண்டு ஜெமினி நிறுவனமும் இதே கதையை எடுத்தது. அது நிற்கவில்லை. கதை ஒன்றுதான், கதையைச் சொல்லும் வழிதான் படத்தைக் காப்பாற்றுகிறது.

பாட்டுப் பதிவைப் பற்றிச் சொல்ல வேண்டும், இது என்னை மிகவும் வருத்தியது. உங்கள் கதாநாயகிக்கு நல்ல குரல். ஸ்டுடியோவில் அதற்கு எதிரொலி சேர்த்து மெழுகிவிட்டார்கள். காட்டில் ஓடிவந்து மூச்சிரைக்க நிற்கும் பெண், வாயைத் திறந்தால் குளிர்சாதன அறையின் குரல் வருகிறது. மார்பு ஏறி இறங்குகிறது, குரலில் அது இல்லை. தமிழ்ப் பேசும்படத்தின் முதல் ஆண்டுகளில், 1930-களில், நடிகர்கள் கேமரா முன்னால் நின்று தாங்களே பாடினார்கள். வாத்தியக்காரர்கள் சட்டகத்துக்கு வெளியே மறைந்திருந்து வாசித்தார்கள். 2012-இல் ‘லே மிசெராப்ள்’ இசைநாடகத்தைப் படமாக்கியபோது நடிகர்களின் காதில் சிறு கருவி வைத்து, அதில் பியானோவை மட்டும் கேட்கவைத்து, படப்பிடிப்பிலேயே பாடவைத்தார்கள். உங்களாலும் முடியும். ஆர்மோனியக்காரரை மரத்துக்குப் பின்னால் உட்காரவையுங்கள். குரல் பிசிறினால் பிசிறட்டும்.

எல்லாப் பாட்டையும் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற பிடிவாதத்தையும் விட வேண்டிவரும். சோண்ட்ஹைம் ‘இன்டு த வுட்ஸ்’ படத்துக்கென்றே சூனியக்காரிக்கு ஒரு புதிய பாட்டு எழுதிக் கொடுத்தார். மெரில் ஸ்ட்ரீப் பாடி நடித்துப் படமாக்கியும் முடித்தார்கள். கடைசியில் வெட்டிவிட்டார்கள். அப்பாவும் மகனும் பாடும், நாடகத்தின் மிக ஆழமான பாட்டிலும் வரிகள் போய் மெட்டு மட்டும் பின்னணியில் மிஞ்சியது. அதை நான் இழப்பாகவே நினைக்கிறேன். ஆனால் உங்கள் பிலேந்திரனின் மூன்று சரணப் புலம்பலுக்கு ஒரு சரணம் போதும். மேடையில் கடைசி வரிசைக்கு அவன் துக்கம் தெரிய மூன்று சரணம் வேண்டியிருந்தது. இங்கே அவன் கண் இரண்டடி தூரத்தில் இருக்கிறது.

இனி கட்டியக்காரன். ஒழுகினசேரியில் பிறந்த என்.எஸ். கிருஷ்ணன் நம் மாவட்டத்துக்காரர், நாடக மேடையிலிருந்து சினிமாவுக்குப் போனவர். 1949-இல் ‘நல்லதம்பி’யில் ‘கிந்தனார்’ கதையைக் கொண்டுவந்தபோது, அதைக் காட்சிகளாக உடைத்து நடித்துக் காட்டவில்லை. காலட்சேபமாகவே வைத்துக்கொண்டார். பாகவதராகத் தானே நின்று, பாடி, பேசி, கதை சொன்னார். கேமராவின் முன்னால் ஒரு மனிதன் கதை சொல்கிறான், கேட்கும் கூட்டமும் படத்திலேயே இருக்கிறது. சம்மதம் கொடுக்கும் ஆட்களையே அவர் சட்டகத்துக்குள் உட்காரவைத்துவிட்டார்.

உங்கள் ஊரில் விடியவிடிய ஆடிய காலத்துக் கட்டியக்காரர் யாராவது உயிரோடு இருக்கிறாரா என்று விசாரியுங்கள். இருந்தால், ரப்பர் தோட்டத்தை விட்டுவிட்டு முதலில் அவர் வீட்டுக்குப் போங்கள். கடற்கரையில், வள்ளத்தின் மேலோ வலை உலர்த்தும் இடத்திலோ அவரை உட்காரவைத்து, சுற்றிலும் உங்கள் பிள்ளைகளை உட்காரவையுங்கள். அவர் விருத்தம் எடுத்ததும் படம் தொடங்கட்டும். காடு என்று அவர் சொன்னால் அந்தப் பிள்ளைகளின் முகத்தில் காடு தெரியும். அதன்பிறகு சவுக்குத் தோப்பில் எடுத்தாலும் போதும். கைகள் திரும்பக் கிடைக்கும் இடத்தில் கணினி வேண்டாம். பழையபடி போர்வை, பழையபடி முதுகுக்குப் பின்னால் கட்டிய கைகள். விளக்கை மறைக்கும் பையன்கள் சட்டகத்தில் தெரிந்தாலும் தெரியட்டும்.

ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன் இதை முடிக்கப் பாருங்கள். அந்தப் பெரியவரின் விருத்தத்தைப் பதிவு செய்ததும் எனக்கு அனுப்புங்கள், குரல் மட்டும் போதும்.

அன்புடன்.