ஆரம்பகால பாக்கெட் கம்ப்யூட்டர் நிஜமாவே எதுக்காவது உதவுச்சா, இல்ல சும்மா பந்தாவா?

80கள்ல விலை கம்மியா வந்த பாக்கெட் கம்ப்யூட்டரை யாராவது சொந்தமா வச்சிருந்தீங்களா, அதை வச்சு உருப்படியா ஏதாவது செஞ்சீங்களான்னு கேட்டிருக்கீங்க. வச்சிருந்தேன். கேசியோ பிபி-100. பந்தாவும் பண்ணேன், உருப்படியாவும் கொஞ்சம் செஞ்சேன், ஒரு நாள் சைட்ல அசடு வழிஞ்சுக்கிட்டும் நின்னேன்.

முதல்ல சொல்லிடறேன், கம்ப்யூட்டர்னதும் இப்ப கையில இருக்கற மொபைலை நினைச்சுக்காதீங்க. பாக்க கொஞ்சம் நீளமான கால்குலேட்டர் மாதிரிதான் இருக்கும், ஒரு சென்டிமீட்டர் தடிமன் இருக்கும், சட்டைப் பாக்கெட்டுல குறுக்கால வச்சா வெளிய நீட்டிக்கிட்டு நிக்கும், அதுதான் பந்தாவே. ஒரே வரி டிஸ்ப்ளே, அதுல 12 எழுத்து. வரி நீளமாச்சுன்னா எழுத்து இடது பக்கமா நகர்ந்து போயிட்டே இருக்கும். கீபோர்டு டைப்ரைட்டர் வரிசைதான், ஆனா ஒவ்வொரு கீயும் துவரம் பருப்பு சைஸ், நகத்தாலதான் அழுத்தணும். ரெண்டு சிஆர்2032 பட்டன் செல். ஃப்ளாப்பியும் கிடையாது ஒண்ணும் கிடையாது, ப்ரோகிராமை சேவ் பண்ணணும்னா தனியா ஒரு இன்டர்ஃபேஸ் வாங்கி கேசட் டேப் ரெக்கார்டர்ல மாட்டணும்.

ஆனா உள்ள பேசிக்னு ப்ரோகிராம் எழுதற மொழி இருந்துச்சு சார். நாமளே ப்ரோகிராம் எழுதலாம். ஆன் பண்ணா அடுத்த செகண்ட் ரெடி. இதே மாதிரி பேசிக் ஓடற ஷார்ப் பிசி-1211 இதுக்கு முன்னாடியே 1980ல வந்துடுச்சு, அமெரிக்காவுல ரேடியோ ஷாக் அதையே டிஆர்எஸ்-80 பாக்கெட் கம்ப்யூட்டர்னு வித்தாங்க, அதுல 24 எழுத்து டிஸ்ப்ளே, 1424 ஸ்டெப் மெமரி. என்னோடது அந்த வரிசையில ஏழை வீட்டுப் பிள்ளை, அதான் விலையும் கம்மி. சித்தப்பா ஆசையா வாங்கி நாலு நாள் தட்டிப் பாத்துட்டு "கூட்டல் போடறதுக்கு இவ்ளோ பட்டன் எதுக்குடா"ன்னு என்கிட்ட குடுத்துட்டார், நான் அப்ப சர்வே (நிலம் அளக்கறது) படிச்சிட்டு இருந்தேன்.

இப்ப மெமரிக்கு வரேன், இதுதான் விஷயமே. மொத்தம் 544 ஸ்டெப். கேபி எம்பியெல்லாம் இல்ல, ஐநூத்தி நாப்பத்தி நாலு ஸ்டெப். ப்ரோகிராம் எழுதற மோடுக்குப் போனா டிஸ்ப்ளே மேல சின்னதா இன்னும் எத்தனை மிச்சம்னு காட்டிக்கிட்டே இருக்கும், மீட்டர் போட்ட ஆட்டோல உக்காந்த மாதிரி நமக்கு பக்குன்னு இருக்கும். ஒரு வரி நம்பருக்கு 2 ஸ்டெப், பிரிண்ட், கோட்டூ மாதிரி ஒரு கமாண்டுக்கு 1, ஒவ்வொரு எழுத்துக்கும் 1, வரி முடிச்சு எக்ஸிக்யூட் கீ அழுத்தினா அதுக்கும் 1. "20 எச்=ஆர்+பி"ன்னு ஒரு வரி அடிச்சா எட்டு காலி. புது வரி ஆரம்பிச்சா வரி நம்பருக்கும் எக்ஸிக்யூட்டுக்கும் சேத்து மூணு போகும், அதையே முக்காப்புள்ளி (:) வச்சு முந்தின வரியோட ஒட்டிட்டா ஒண்ணுதான், ஆக ரெண்டு ஸ்டெப் லாபம். இந்த ரெண்டு ஸ்டெப் லாபத்துக்காக ராத்திரி முழுக்க நோட்டுல எழுதி எழுதி அடிச்சிருக்கேன், இப்ப நினைச்சா சிரிப்பா வருது, ஆனா அன்னிக்கு அது சீரியஸான விஷயம்.

நான் உருப்படியா எழுதினது லெவல் புக், அதாவது இடத்தோட மேடு பள்ளத்தை அளந்து எழுதற நோட்டு, போடற ப்ரோகிராம். சர்வே தெரியாதவங்களுக்கு: உயரம் தெரிஞ்ச ஒரு பெஞ்ச் மார்க் மேல ஸ்டாஃபை (அளவு குறிச்ச நீளக் கம்பு) நிறுத்தி, லெவல் கருவி வழியா பாத்து ரீடிங் எடுப்பாங்க, அது பேக் சைட். பெஞ்ச் மார்க் உயரத்தோட அதைக் கூட்டினா கருவியோட உயரம். அப்புறம் ஸ்டாஃபை ஒவ்வொரு பாயிண்ட்டா நகத்தி ரீடிங் எடுத்து, கருவியோட உயரத்துலேர்ந்து கழிச்சா அந்தந்த பாயிண்ட்டோட ஆர்எல், அதாவது உயரம். கூட்டல் கழித்தல்தான், ஆனா வெயில்ல நின்னு அறுபது எழுபது தடவை போடும்போது எங்கயாவது ஒரு இடத்துல சறுக்கும். ப்ரோகிராம்ல ரீடிங்கை அடிச்சா ஆர்எல் வந்து நிக்கும், எக்ஸிக்யூட் தட்டினா அடுத்த ரீடிங் கேக்கும். பிரிண்ட் கமாண்ட் வந்ததும் அதுவா நின்னு நாம கீ அழுத்தற வரைக்கும் காத்திருக்கும், லெவல் புக்குல எழுதிக்க நல்ல தோது. அந்த டிஸ்ப்ளேக்கு லைட் கிடையாது, அதனால இருட்டுல தெரியாது, ஆனா வெயில்ல பளிச்னு தெரியும்.

அப்பதான் ஒரு நாள் மானம் போச்சு. கடைசியில சரிபாக்க வசதியா ரீடிங்கையெல்லாம் ஏ(1), ஏ(2)ன்னு அரேல (வரிசையா நம்பர் போட்ட பெட்டிங்க மாதிரி) போட்டு வச்சுக்கலாம்னு ப்ரோகிராமை மாத்தினேன். வீட்ல அஞ்சு ரீடிங் போட்டுப் பாத்தேன், கரெக்டா வந்துச்சு. சைட்ல ஆறு பாயிண்ட் வரைக்கும் பிரமாதம். ஏழாவது பாயிண்ட்டுக்கு ஆர்எல் 0. ஸ்டாஃப் பிடிச்சிருந்தவன்கிட்ட "நேரா பிடிடா"ன்னு கத்தறேன், அவன் நேராத்தான் பிடிச்சிருக்கான் பாவம். மறுபடி ஒண்ணுலேர்ந்து போட்டேன், ஏழாவதுல மறுபடியும் 0, சரி அதை விட்டுட்டு எட்டாவது ரீடிங் போட்டா மெஷின் சம்பந்தமே இல்லாம எதையோ காட்டுது.

வீட்டுக்கு வந்து மேனுவலைப் புரட்டினா அதுல தெளிவா போட்டிருக்கான், நான்தான் படிக்கல. இந்த மெஷின்ல ஏ-லேர்ந்து இசட் வரைக்கும் 26 வேரியபிள்தான் (ஒரு எண்ணைப் போட்டு வைக்கற இடம்), அரேன்னு தனியா இடமே கிடையாது. ஏ(0)ங்கறது ஏ, ஏ(1)ங்கறது பி, ஏ(2)ங்கறது சி. விரல் விட்டு எண்ணிப் பாருங்க, ஏ(7) யாரு? எச். நான் கருவியோட உயரத்தை எச்லதான் வச்சிருந்தேன். ஏழாவது ரீடிங்கை அதே இடத்துல எழுதிட்டு, அதுலேர்ந்து அதையே கழிச்சா பூஜ்யம் வராம என்ன வரும்? ஏ(8) ஐ, அது எத்தனையாவது ரீடிங்னு எண்ணற வேரியபிள், அதுல போய் 1.425ன்னு ஸ்டாஃப் ரீடிங் உக்காந்துக்கிச்சு. அதான் அதுக்கப்புறம் பைத்தியம் பிடிச்ச மாதிரி ஆடுச்சு.

இதுக்கு வழி இருந்துச்சு. டெஃப்எம்னு ஒரு கமாண்ட், டெஃப்எம் 10 குடுத்தா இசட்டுக்கு அப்புறம் பத்து வேரியபிள் கூடுதலா கிடைக்கும், இசட்(1), இசட்(2)ன்னு. ஆனா ஒவ்வொண்ணுக்கும் 8 ஸ்டெப் பிடிச்சுக்கும், பத்துக்கு 80 போயிட்டா ப்ரோகிராமுக்கு 464தான். அப்புறம் என்ன, மறுபடி நோட்டு, மறுபடி முக்காப்புள்ளி.

இன்னொண்ணும் சொல்லணும், டிராவர்ஸ் (கோணமும் நீளமும் அளந்துக்கிட்டே இடத்தைச் சுத்தி வர்ற சர்வே) கணக்குக்கு சைன் காஸ் வேணும்ல, மோட் 4 டிகிரி, மோட் 5 ரேடியன். பருப்பு சைஸ் கீ, அவசரத்துல பக்கத்து கீ பட்டா கதை முடிஞ்சுது, நாலு பக்கமும் சுத்தி வந்து ஆரம்பிச்ச இடத்துலயே முடிய வேண்டிய டிராவர்ஸ் எங்கயோ காட்டுக்குள்ள போய் முடியும். டிஸ்ப்ளேல சின்னதா எந்த மோடுன்னு காட்டும்தான், யார் பாக்கறா.

1 கேபி ரேம் பேக் தனியா வரும், ஓஆர்-1னு, அதைப் போட்டா 1568 ஸ்டெப். வாங்கணும் வாங்கணும்னு கடைசி வரைக்கும் வாங்கல. கேசட் இன்டர்ஃபேஸும் வாங்கல. அதனால செல்லைக் கழட்டினா உள்ள இருக்கறது போச்சு, நோட்டுலேர்ந்து பாத்து நகத்தால முழுசா திரும்ப அடிக்கணும், அதுக்கு ஒரு மணி நேரம்.

மெஷின் இன்னும் இருக்கு. போன வருஷம் ரெண்டு செல் புதுசா போட்டு ரீசெட் பண்ணி எழுதற மோடுக்குப் போனேன், மேல 544ன்னு காட்டுச்சு. பழைய நோட்டை எடுத்து லெவல் ப்ரோகிராமை அடிக்க ஆரம்பிச்சேன், ஆர் கீ மட்டும் செத்துப் போச்சு போல, நாலு தடவை அழுத்தினாதான் ஒரு தடவை விழுது. ஆர்எல் கணக்குல ஆர் வராத வரி எதுன்னு தேடிக்கிட்டு இருக்கேன்.