கேமை ஸ்டீமில் ஏற்றும் முன்

கேள்வி: கோடோ என்ற கேம் உருவாக்கும் மென்பொருளில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் கேம் செய்து முடிக்கப் போகிறேன். தீபாவளிக்கு, கேம் விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் வெளியிட ஆசை. வேலையை எப்போது தொடங்கலாம்? – வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: இன்றைக்கே தொடங்குங்கள். 100 டாலர் கட்டணம் கட்டி 30 நாள் கழிந்த பிறகுதான் முதல் கேமை வெளியிட விடுவார்கள். 'விரைவில் வருகிறது' பக்கமும் குறைந்தது 2 வாரம் திறந்திருக்க வேண்டும். விஷ்லிஸ்ட் (பிறகு வாங்க நினைப்பவர்கள் குறித்துவைக்கும் பட்டியல்) சேர அந்த 2 வாரம் போதவே போதாது; பக்கத்தை மட்டும் சில மாதம் முன்பே போட்டுவிடுங்கள்.

நம் பக்கத்து ஆட்கள் மாட்டிக்கொள்வது பெயரில்தான். பான் அட்டையில் அப்பா பெயர் விரிந்து நிற்கும், பாஸ்புக்கில் வெறும் இனிஷியல் இருக்கும். ஸ்டீமில் கொடுக்கும் பெயரும் வங்கிக் கணக்குப் பெயரும் ஒத்துப்போகாவிட்டால் சரிபார்ப்பு நின்றுவிடும். முதலில் வங்கிக்குப் போய்த் திருத்துங்கள். ஸ்டீமின் வரிப் படிவத்தில் பான் எண்ணைக் கொடுத்து இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தச் சலுகை கேளுங்கள். இல்லையென்றால் அமெரிக்க விற்பனையில் உங்கள் பங்கில் 30% பிடிப்பார்கள்.

கேமில் தமிழ் வசனம் உண்டா? கோடோவின் 3-ஆம் பதிப்பில் கொம்பும் காலும் இடம் மாறி விழும், 4-ஆம் பதிப்புக்கு மாறுங்கள். தமிழ் எழுத்துருவையும் கேமுக்குள்ளேயே சேருங்கள். உங்கள் கணினியில் சரியாகத் தெரிவது, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் கட்டமாகத் தெரியக்கூடும்.