புல்தரை ஓட்டை: டரான்டுலா இல்லை, தேனீ

டெக்சாஸ் வீட்டுப் பின்புறத்தில் ஏப்ரலில் திடீரென்று நாற்பது ஓட்டைகள், டரான்டுலா என்னும் பெரிய மயிர்ச் சிலந்தியோ என்று பயந்து பிள்ளைகளை வெளியே விடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் சொன்ன அடையாளத்துக்கு அது மண்ணில் வளை தோண்டும் சுரங்கத் தேனீ, ஆன்ட்ரீனா வகை.

எறும்புப் புற்று மாதிரி பொடிமண் குவியல், நடுவில் பென்சில் நுழையும் அளவு துளை என்கிறீர்களே, அது ஒன்றே போதும். டெக்சாஸ் பழுப்பு டரான்டுலாவின் வளை வாய் ஒரு அங்குலமோ அதற்கு மேலோ இருக்கும். விளிம்பில் நூல் ஒட்டியிருக்கும். பகலில் சில சமயம் மெல்லிய வலைத் திரைகூடப் போட்டிருக்கும்.

இந்தத் தேனீக்கு ராணியும் கிடையாது, தேனடையும் கிடையாது. பொதுவாகத் துளைக்கு ஒரு பெண்தான். மகரந்தத்தைப் பூந்தேனில் பிசைந்து உருண்டை பிடிப்பாள், அதன்மேல் ஒரு முட்டை, அறையை மண்ணால் அடைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போவாள். கூட்டமாகத் துரத்தும் வேலையெல்லாம் இல்லை. தரையை ஒட்டி வட்டமடிப்பவை பெரும்பாலும் ஆண்கள், அவற்றுக்குக் கொடுக்கே கிடையாது. சில வாரத்தில் எல்லாம் அடங்கிவிடும். பெண் டரான்டுலாவோ இருபது வருஷத்துக்கு மேலும் வாழும்!

தயவுசெய்து மருந்து அடிக்காதீர்கள். பிள்ளைகள் செருப்புப் போட்டுக்கொண்டு விளையாடட்டும். அடுத்த வருஷம் வேண்டாமென்றால் வழுக்கையாகக் கிடக்கும் இடத்தில் புல் அடர்த்தியாக வளரட்டும்.

இன்னும் சந்தேகமா? வெயில் ஏறியதும் பத்து நிமிஷம் எட்ட நின்று பாருங்கள். காலில் மஞ்சள் பொடி அப்பிக்கொண்டு ஒன்று உள்ளே நுழையும்.